மேனேஜ், டீல், ஹேண்டில்: ருமேனியனில் எங்கே உதைக்கிறது, எப்படிச் சரிசெய்வது

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் ஓரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வருகிறவர்களுக்கு ருமேனியன் சொல்லித் தருவது எனக்குப் பிடித்த வேலை, ஞாயிறு மதியத்தை அதற்கென்றே வைத்திருக்கிறேன். எண்களையும் வணக்கத்தையும் எல்லோரும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மாட்டிக்கொள்வது மூன்று ஆங்கிலச் சொற்களில்தான்: மேனேஜ், டீல், ஹேண்டில். தமிழ் பேசும்போதே இவற்றை வாய்க்கு வாய் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ருமேனியனில் ஒரு சொல் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்று தேடுகிறோம். அப்படி ஒரு சொல் கிடையாது. பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன, ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

சரி, என்ன செய்வது? சொல்ல வந்ததை ஆங்கிலச் சொல் இல்லாமல் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். சமாளிக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன், நடத்துகிறேன், நிர்வகிக்கிறேன், ஒருவழியாக முடித்தேன், பேரம் பேசினேன், அவரோடு ஒத்துப்போகிறேன். இவை அத்தனையும் மேனேஜ், டீல் என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்து கிடந்தவை. தமிழில் பிரித்துவிட்டால் ருமேனியன் சொல் தானாக வந்து நிற்கும், ஏனென்றால் அவர்களும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் எல்லாமே இந்த ஒரு வழியின் மேல்தான் நிற்கிறது.

உச்சரிப்பு பற்றி ஒரே ஒரு குறிப்பு. ருமேனியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘இன்’ என்று தொடங்கும் சொற்களில் வரும் அந்த ‘இ’ உண்மையில் நம் ‘இ’ இல்லை, ‘காசு’, ‘அது’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு ‘உ’ வருகிறதே, அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒலி. குற்றியலுகரம் வாயில் இருப்பவர்களுக்கு இது இரண்டே நாளில் வந்துவிடும்.

அறிகுறி: “நான் மேனேஜ் பண்றேன்” என்று சொன்னீர்கள், மறுநாள் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வந்தது

இது எனக்கே நடந்தது. வந்த முதல் குளிர்காலம், ஜனவரி மாதம், கிடங்கில் இருப்புக் கணக்கு எடுக்கிறார்கள். அட்டைப்பெட்டி, ஒட்டும் நாடா, பிளாஸ்டிக் சுருள் எல்லாம் அடுக்கியிருக்கும் கடைசி அலமாரியைக் காட்டி இதை யார் கவனிக்கிறார்கள் என்று மேலே இருப்பவர் கேட்டார். அவர் கேள்வியில் இருந்த வினைச்சொல்லையே எடுத்து ‘யெவ் ஜெஸ்தியொனேஸ்’ என்றேன். நான்தான் மேனேஜ் பண்றேன் என்று சொன்னதாக நினைப்பு. மறுநாள் காலை முத்திரை குத்திய இரண்டு பக்கத் தாள் என் பெயரில் தயாராக இருந்தது. ஒப்படைப்பு வாங்கும் பத்திரம் அது. அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு சுருளும் எண்ணிக்கையோடு எழுதியிருந்தது, கீழே நான் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு வரி.

என்னைக் காப்பாற்றியது கிடங்குச் சாவிகளை வைத்திருக்கும் அம்மா. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும், சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும். என் பேனாவுக்கு மேல் கையை வைத்து, தாளின் முதல் வரியை விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வாசித்துக் காட்டி, “உனக்கு ஜெஸ்தியொனார் ஆகணுமா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆக வேண்டாம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

காரணம் இதுதான். ‘ஜெஸ்தியொனா’ என்ற வினை ருமேனியனில் கணக்கோடு சேர்ந்தது. சரக்கு, பணம், பட்ஜெட், இருப்பு என்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பொறுப்பில் வைத்திருப்பது. ‘ஜெஸ்தியொனார்’ என்பவர் சரக்குப் பொறுப்பாளர், குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர். இவருக்கென்று 1969-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. 22-ஆம் எண் சட்டம், பொறுப்பேற்பவர் பிணைத்தொகை கட்டுவது வரைக்கும் அதில் பேசியிருக்கிறது. நாம் சொல்ல நினைத்தது ‘நான்தான் பார்த்துக்கொள்கிறேன்’, அவர் காதில் விழுந்தது ‘என் பொறுப்பில் எழுதிக்கொள்ளுங்கள்’.

சரிசெய்ய: ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்பதற்கு ‘ம ஒக்குப்’. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டுமானால் ‘ம ஒக்குப் யெவ்’. எதை என்று சொல்ல ‘டெ’ சேர்க்க வேண்டும், ‘ம ஒக்குப் டெ ராஃப்த்’ என்றால் அலமாரியைக் கவனிக்கிறேன். குழந்தையை, பாட்டியை, விருந்தாளியை, பழுதான இயந்திரத்தை, எதை வேண்டுமானாலும் இதே சொல்லால் பார்த்துக்கொள்ளலாம். ஜெஸ்தியொனா தப்பான சொல் இல்லை. பட்ஜெட்டுக்கும் இருப்புக்கும் அதுதான் சரி, நெருக்கடியைக் கையாள்வது பற்றிச் செய்தியில் எழுதும்போதும் அதுதான் வரும். இப்போது மன உணர்ச்சியை நிர்வகிப்பதற்குக்கூட அதைப் போட்டு எழுதுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோப்பு வாசனை அடிக்கிறது, மனிதரிடம் மனிதராகப் பேசும்போது நான் அதை எடுப்பதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘டெ’ போடும் இடத்தில் ‘கு’ (நம் ‘ஓடு’ மாதிரி) போட்டால் பொருள் மாறிவிடும். ‘கு ச்செ வ ஒக்குபாத்ஸ்’ என்று அலுவலகக் கவுண்டரில் கேட்டால், பிழைப்புக்கு என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு உங்கள் வேலையின் பெயரைச் சொல்ல வேண்டும், இன்றைக்கு எதைக் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை இல்லை.

அறிகுறி: சரியான சொல்லைத்தான் சொன்னீர்கள், ஆனாலும் எதிரில் இருப்பவர் “எதை?” என்று காத்திருக்கிறார்

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காணாமல் போனது ‘ம’ என்ற அந்தச் சின்ன எழுத்து. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘டெஸ்குர்க்’ என்றால் சிக்கெடுக்கிறேன். நூலை, கம்பியை, தலைமுடியை. அதற்கு எதிர்ச்சொல் ‘இன்குர்க்’, சிக்கலாக்குகிறேன். ‘ம டெஸ்குர்க்’ என்றால்? என்னை நானே சிக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன், அதாவது சமாளித்துக்கொள்கிறேன். ருமேனியனில் சமாளிப்பதற்கு இதைவிடப் புழக்கமான சொல் கிடையாது. ருமேனியன் தெரியுமா என்று கேட்டால் ‘ம டெஸ்குர்க்’, தனியாகப் போய்விடுவாயா என்று கேட்டால் ‘ம டெஸ்குர்க்’, உதவி வேண்டுமா என்றாலும் அதேதான். நமக்கும் நூல் சிக்கிக்கொண்டால் சிக்கல், வாழ்க்கையில் பிரச்சினை வந்தாலும் சிக்கல்தான். அதே படத்தை அவர்களும் வைத்திருக்கிறார்கள் என்று முதன்முதலில் புரிந்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அன்றைக்குத்தான் இந்த மொழி எனக்கு அந்நியமில்லாமல் போனது.

இப்போது அந்த ‘ம’வைத் தமிழோடு வைத்துப் பாருங்கள். நாம் வினையின் வாலில் ‘கொள்’ சேர்க்கிறோம். பார்க்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். சமாளிக்கிறேன், சமாளித்துக்கொள்கிறேன். அவர்கள் வினைக்கு முன்னால் ‘ம’ வைக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது, ஆனால் சமாளிப்பு, கவனிப்பு, பேரம் என்ற இந்தக் குடும்பத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்துகிறது. ‘ஒக்குப்’ மட்டும் சொன்னால் இடத்தைப் பிடிக்கிறேன், நாற்காலியை நிரப்புகிறேன். ‘ம ஒக்குப்’ சொன்னால் பார்த்துக்கொள்கிறேன். ‘இன்த்செலெக்’ என்றால் புரிகிறது. ‘ம இன்த்செலெக் கு யெல்’ என்றால் அவனோடு ஒத்துப்போகிறேன், எங்களுக்குள் சரியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘என்னால் அவரை டீல் பண்ண முடிகிறது’ என்று யோசித்து மண்டையை உடைப்பதற்குப் பதில் ‘ஒத்துப்போகிறோம்’ என்று தமிழில் யோசித்தால் வேலை முடிந்தது.

அந்தச் சின்ன எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். நான் என்றால் ‘ம’, நீ என்றால் ‘தெ’, அவன், அவள், அவர்கள் என்றால் ‘செ’, நாங்கள் என்றால் ‘நெ’, நீங்கள் என்றால் ‘வ’. மரியாதைக்கும் அதே ‘வ’தான். மூத்தவரிடம் ‘தெ டெஸ்குர்ச்?’ என்று கேட்டால் ‘சமாளிச்சிடுவியா?’ என்று கேட்டது போல இருக்கும், ‘வ டெஸ்குர்காத்ஸ்?’ என்று கேளுங்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போது வாலில் ‘கொள்’ வந்தால் ருமேனியனில் தலையில் சின்ன எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: “கதவை எப்படியோ மேனேஜ் பண்ணித் திறந்தேன்” என்பது புரியவில்லை என்கிறார்கள்

இங்கே நிர்வாகமும் இல்லை, சமாளிப்பும் இல்லை. நாம் ‘ஒருவழியாகத் திறந்துவிட்டேன்’ என்று சொல்வதுதான் இது. ‘அம் ரெயுஷித் ச’ என்று தொடங்கி வினையைச் சேருங்கள். ‘அம் ரெயுஷித் ச டெஸ்கீட் உஷா’, கதவைத் திறக்க முடிந்தது. பட்டும் படாமலும் முடிந்தது என்றால் முன்னால் ‘அபியா’ போடலாம். முடியாமல் போனதற்கு ‘நம் ரெயுஷித்’. வேலை முடியவில்லை என்று மேலே இருப்பவரிடம் சொல்ல இது நாகரிகமான வழி. முயற்சி செய்தேன், நடக்கவில்லை என்பது இரண்டும் அதில் அடங்கிவிடும்.

அறிகுறி: கஷ்டத்தைச் சமாளிக்கிறேன் என்று சொல்லப் போய் வாக்கியம் நொண்டுகிறது

வேலை மலை போலக் குவிந்துவிட்டது, ஆள் போதவில்லை, தாங்க முடியவில்லை. இந்த மாதிரி எதிரே நின்று தாங்கும் சமாளிப்புக்கு ‘ம டெஸ்குர்க்’ கொஞ்சம் லேசாக இருக்கும். இதற்கு ‘ஃபக் ஃபாத்ஸ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘முகம் செய்கிறேன்’. பெரும்பாலும் எதிர்மறையில்தான் காதில் விழும். ‘நு மாய் ஃபக் ஃபாத்ஸ’, இனி என்னால் ஆகாது. இதைக் கிடங்கில் யாராவது சொன்னால் நான் உடனே போய் நிற்பேன், சும்மா சலித்துக்கொள்வதற்கு யாரும் இதைச் சொல்வதில்லை.

வாக்கியம் நொண்டுவது எங்கே என்றால், எதைச் சமாளிக்கிறோமோ அதற்கு முன்னால் ‘கு’ போட்டுவிடுகிறோம், ஆங்கிலத்தில் ‘வித்’ இருக்கிறதே என்று. இங்கே ‘கு’ கூடாது. பெயர்ச்சொல்லே வேற்றுமை உருபு ஏற்க வேண்டும், அதுவும் நான்காம் வேற்றுமை, நம் ‘க்கு’. ‘ஃபக் ஃபாத்ஸ ப்ரொப்லெமெலோர்’, பிரச்சினைகளுக்கு. ‘ஃபக் ஃபாத்ஸ சிதுவாத்ஸியெய்’, நிலைமைக்கு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவைப்பட்டதில்லை. அங்கே செய்தியிலும் பேச்சிலும் ‘சவாலுக்கு முகங்கொடுக்கிறோம்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அதே முகம், அதே ‘க்கு’. தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தத் தொடரை இரவல் வாங்கிக்கொண்டால் போதும், பிழையே வராது.

மாதக் கடைசியில் சம்பளம் இழுத்துப் பிடிக்கிற சமாளிப்புக்குத் தனியாக ஒன்று இருக்கிறது. ‘ஒ ஸ்கொத் ல காபத்’, கடைசி முனை வரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடுகிறேன். வாடகை கட்டி ஊருக்கும் அனுப்பி மிச்சத்தில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தேவைப்படும் தொடர். ‘கும் ஒ டூச்?’ என்று யாராவது கேட்டால் பிழைப்பு எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறார்கள். ‘மெர்ஜெ’ என்று சொல்லிவிடலாம், ‘போகுது’ என்பதற்கு அதுவேதான்.

இதே வீட்டுக்குள் ஒரு கண்ணிவெடி இருக்கிறது, ‘சுபோர்த்’. ஆங்கில சப்போர்ட் போலவே இருக்கும், பொருள் வேறு. அது பொறுத்துக்கொள்வது, தாங்குவது. ‘நான் எங்கள் ஷிஃப்ட் தலைவருக்கு சப்போர்ட்’ என்று சொல்ல நினைத்து ‘இல் சுபோர்த்’ என்றால் ‘அந்த ஆளைச் சகித்துக்கொள்கிறேன்’ என்று போய்ச்சேரும். ஆதரவுக்கு ‘இல் சுஸ்த்ஸின்’. ஆனால் ஒப்பந்தத் தாளில் சுபோர்த் குடும்பம் வந்தால் நன்றாகக் கண்ணை விரித்துப் பாருங்கள், ஏனென்றால் அங்கே அது செலவை யார் தாங்குவது என்பது. தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘சுபொர்தாத் டெ அங்கஜதோர்’ என்று இருந்தால் முதலாளி கொடுக்கிறார். ‘சுபொர்தாத் டெ சலரியாத்’ என்று இருந்தால் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். ஒரு சொல்தான் மாறுகிறது. கையெழுத்துக்கு முன்னால் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது தேடிப் பாருங்கள், தயவுசெய்து.

அறிகுறி: ஒப்பந்தம் பற்றிக் கேட்டால் செயலி மலையைப் பற்றிப் பேசுகிறது

மொழிபெயர்ப்புச் செயலியில் மூலமொழியை ருமேனியன் என்று வைத்துவிட்டு ஆங்கில ‘டீல்’ என்று தட்டினீர்கள் என்றால் இது நடக்கும். ஆங்கிலத்தில் டீல் என்று எழுதும் அதே நான்கு எழுத்துக்கள் ருமேனியனில் ‘டியால்’, குன்று. புக்கரெஸ்டில் பேராயர் தேவாலயம் நிற்கிற மேட்டின் பெயரிலும் அது இருக்கிறது. ப்ரஹோவா, பூஸாவு மாவட்டங்களில் பரவியிருக்கும் திராட்சை மது வட்டாரத்தின் பெயர் ‘டியாலு மாரெ’, பெரிய குன்று. பாட்டில் மேல் அந்த எழுத்துக்களைப் பார்த்துத் தள்ளுபடி என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூலமொழியை மாற்றினால் செயலி சரியாகிவிடும். பேச்சில் ‘ச்செ மாய் ல டியால், ல வாலெ’ என்று கேட்டால் அங்கே குன்றும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, சுற்றி வளைப்பானேன் என்று அர்த்தம்.

அறிகுறி: டீலுக்கு எந்தச் சொல்லைப் போட்டாலும் கொஞ்சம் பெரிதாகவோ கொஞ்சம் கோணலாகவோ இருக்கிறது

யாரோடு யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நாடும் நாடும் என்றால் ‘த்ரதாத்’ அல்லது ‘பக்த்’. 1920-இல் த்ரியனோனில் ஹங்கேரியோடு கையெழுத்தான சமாதான உடன்படிக்கை த்ரதாத். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் அறிவித்த பசுமைத் திட்டத்துக்கு ஆங்கிலத்தில் டீல், ருமேனியனில் பக்த். கட்சிகளும் அமைப்புகளும் பேசி முடிப்பது ‘அகோர்த்’. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்றால் ‘த்ரததீவெ’. நீங்களும் உங்கள் வீட்டு உரிமையாளரும் வாடகை பற்றிப் பேசி முடித்தது ‘இன்த்செலெஜெரெ’, நம் ‘பேச்சு’ மாதிரி. பேச்சு என்றால் பேச்சுதான், தாளில் இல்லை. கொடுக்கல் வாங்கல், லாபம் என்று வந்தால் ‘அஃபாச்செரெ’. நல்ல விலைக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினீர்கள் என்றால் அது நல்ல அஃபாச்செரெ. அதையே பன்மையில் ‘அஃபாச்செர்’ என்று சொன்னால் தொழில், வியாபாரம். அரசாங்கத்துக்குப் போனால் அதுவே விவகாரம் ஆகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் பெயரில் இந்தச் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது, இலங்கையில் வெளிவிவகார அமைச்சு என்று சொல்வது போல. செய்தியில் அஃபாச்செரெ என்று ஒருமையில் தலைப்பு வந்தால் அனேகமாக ஊழல் விவகாரம்.

சந்தைக்குப் போனால் இதில் ஒன்றுமே வேண்டாம். ஓபோர் சந்தையில் வெள்ளைப் பாலாடைக்கட்டி விற்கும் வரிசை ஒன்று இருக்கிறது. கத்தி முனையில் ஒரு துண்டு எடுத்து நீட்டுவார்கள். ருசி பார்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், அப்புறம் ‘மாய் லசாத்ஸ் டின் ப்ரெத்ஸ்?’ என்று கேளுங்கள். விலையில் கொஞ்சம் விடுவீர்களா என்று அர்த்தம், சொல்லுக்குச் சொல்லும் ‘விடு’தான். இதற்குப் பெயர் ‘ஆ செ தொக்மீ’ அல்லது ‘ஆ செ திர்குயி’, பேரம் பேசிக்கொள்வது. அந்தத் திர்குயிக்குள் இருக்கும் ‘திர்க்’ சந்தை. திர்கு முரேஷ், திர்கு ஜியு, திர்கொவிஷ்தெ என்று ஊர்ப் பெயர்களிலும் அது இருக்கிறது, நம் பேட்டை மாதிரி. மலிவாக அடித்துவிட்டால் அது ‘கிலிபிர்’, துருக்கியிலிருந்து வந்த சொல். விலை படிந்தால் ‘பாதெம் பால்ம’, கையில் கை அடித்து முடிப்போம் என்று பொருள். வயதானவர்கள் சிலர் இன்றும் நிஜமாகவே கையை நீட்டுகிறார்கள். நீட்டினால் கொடுங்கள், அதற்குப் பிறகு விலையை மாற்றக் கூடாது. இளையவர்கள் ‘ச ஃபகூத்’ என்று முடித்துவிடுவார்கள், ஆச்சு.

இதே ஆங்கிலச் சொல்லின் சில்லறைக் கேடுகள்: ‘பெரிய விஷயமா?’ என்பதற்கு ‘மாரெ லூக்ரு’, ‘பெரிய விஷயமில்லை’ என்பதற்கு ‘நு யே மாரெ லூக்ரு’. ‘என்ன சமாச்சாரம்?’ என்று நண்பரிடம் கேட்க ‘காரெய் த்ரியாப?’, மேலதிகாரியிடம் வேண்டாம். சீட்டாட்டத்தில் டீல் பண்ணுவது வெறும் பங்கிடுவதுதான், ‘இம்பர்த்ஸீ’. டீலர் என்ற சொல் ருமேனியனிலும் இருக்கிறது, கார் விற்பவருக்குப் பொருந்தும். வேறு எதுவும் சேர்க்காமல் அவன் டீலர் என்று சொல்லிவிடாதீர்கள், போதைப்பொருள் விற்பவன் என்று கேட்கும்.

அறிகுறி: “சரியாகிவிடும்” என்றார்கள், பத்து நாளாகியும் ஆகவில்லை

அவர்கள் சொன்னது பெரும்பாலும் ‘செ ரெஸோல்வ’. இந்தத் தொடரில் ஆளே கிடையாது. ‘ஆயிடும்’ என்று நாம் சொல்வதில் யார் செய்வார்கள் என்பது எப்படி இருக்காதோ அப்படி. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் இதைச் சொல்வதில்லை, ஆறுதலாகச் சொல்கிறார்கள், நாம்தான் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கிறோம். ‘மாய் வெடெம்’ என்றால் பார்க்கலாம், அதன் எடை உங்களுக்கே தெரியும்.

நீங்கள் காத்திருக்க வேண்டியது ‘ம ஒக்குப் யெவ்’ என்ற சொல்லுக்கு. அதில் ஆள் இருக்கிறார். வரவில்லை என்றால் முகத்தில் கோபம் இல்லாமல் ‘ச்சினெ செ ஒக்கூப?’ என்று கேளுங்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒரு பெயர் கிடைக்கும். என் தங்குமிட அனுமதித் தாள் ஒரு தடவை எங்கோ மேசைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது மூன்று வாரம் செ ரெஸோல்வ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், நாலாவது வாரம் இந்தக் கேள்வியைக் கேட்டேன், மறுநாள் மதியம் தாள் வந்தது.

இன்னொன்று, ‘மெர்ஜெ ஷி அஷா’. இப்படியே ஓட்டிக்கலாம் என்று பொருள். உடைந்த ரேக்கைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டு இதைச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அறிகுறி: உங்கள் பதவியைச் சொன்னதும் மரியாதை தாறுமாறாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது

மேனேஜரை ‘அட்மினிஸ்த்ரதோர்’ என்று மாற்றியிருப்பீர்கள். ருமேனியாவில் அந்தச் சொல் இரண்டு இடத்தில் வாழ்கிறது. கம்பெனியில் அவர் சட்டப்படி கையெழுத்துப் போடும் ஆள், 1990-இன் 31-ஆம் எண் கம்பெனிச் சட்டத்தில் வருகிறவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் பராமரிப்புக் கட்டணம் கணக்குப் போடும் ஆள். மாதாமாதம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பட்டியல் ஒட்டுவாரே, எந்த வீட்டுக்கு எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் என்று, அவர்தான். உணவகத்தை நாள் முழுக்க நடத்துகிற நம்ம ஆள் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டால், கேட்பவர் கடை உங்களுடையதா என்பார், அல்லது லிஃப்ட் எப்போது சரியாகும் என்பார். மருத்துவமனையில் ‘அட்மினிஸ்த்ரா’ வந்தால் அது மருந்து கொடுப்பது, இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் என்றே சொல்லலாம், தப்பே இல்லை, அது ருமேனியச் சொல்லாகவே ஆகிவிட்டது. அரசு மருத்துவமனையின் தலைவருக்குச் சட்டத்திலேயே அந்தப் பெயர்தான். ஷிஃப்டைப் பார்த்துக்கொள்பவர் ‘ஷெஃப் டெ தூர’. சொந்தக்காரர் ‘பத்ரோன்’. புக்கரெஸ்டில் 1913-இல் தொடங்கிய பொருளாதாரப் பல்கலைக்கழகத்தின் துறைப் பெயர்களைப் பார்த்தால் ஓரிடத்தில் மனேஜ்மெந்த், ஓரிடத்தில் அட்மினிஸ்த்ராரெ, கணக்கியலோடு சேரும் இடத்தில் ஜெஸ்தியுனெ. படித்தவர்களே மூன்றையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நடத்துகிறேன் என்பதற்கு ‘கொண்டூக்’. குழுவை நடத்துகிறேன், கிடங்கை நடத்துகிறேன் என்று எதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தனியாகச் சொன்னால் வண்டி ஓட்டுகிறேன் என்று ஆகிவிடும். ஓட்டுநர் உரிமத்தின் பெயரும் ‘பெர்மீஸ் டெ கொண்டுச்செரெ’. இதிலிருந்து பிறந்த ‘கொண்டுகதோர்’ என்ற சொல்லை மட்டும் தனியாக எடுத்து எந்தத் தலைவருக்கும் சூட்டாதீர்கள். 1940-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ சர்வாதிகாரி அந்தொனெஸ்கு வைத்துக்கொண்ட பட்டம் அது, பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் சௌஷெஸ்குவுக்கும் அதைச் சொன்னார்கள். ஓட்டுநர், முனைவர் பட்ட வழிகாட்டி என்று பின்னால் ஏதாவது ஒட்டி வந்தால் சாதாரணச் சொல், தனியாக நின்றால் கேட்பவரின் முகம் மாறும்.

அறிகுறி: ஒப்பந்தத்தில் உங்களை ஏமாற்றுக்காரர் என்று எழுதியிருப்பது போலத் தெரிகிறது

‘மனிபுலாந்த் மர்ஃபுர்’ என்று இருக்கும். பயப்பட வேண்டாம். சரக்கைத் தூக்கி இறக்கி அடுக்குபவர், வேலையின் அதிகாரப்பூர்வப் பெயரே அதுதான். பெட்டியைக் கையாள்வது மனிபுலா, மனிதரை அதே சொல்லால் கையாண்டால்தான் சூழ்ச்சி. அதனால் வாடிக்கையாளரை ஹேண்டில் பண்ணுகிறேன் என்பதற்கு அது ஆகாது, அதற்கும் ம ஒக்குப்தான். கருவியைக் கையில் பிடித்து வேலை செய்வது ‘மினுயி’, அதற்குள் இருக்கும் ‘மின’ என்பது கை.

அறிகுறி: உங்களை ‘டெஸ்குர்கரேத்ஸ்’ என்றார்கள், பாராட்டா திட்டா தெரியவில்லை

ம டெஸ்குர்க் செய்யத் தெரிந்தவர், சமாளிப்பில் கெட்டிக்காரர். பெரும்பாலும் பாராட்டு. குரலில் ஒரு இழுப்பு இருந்தால் கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்திருக்கும், எப்படியாவது காரியம் சாதித்துவிடுவான் என்பது போல. அந்த இரட்டைப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள 1980-களைப் பற்றி வயதானவர்களிடம் கேட்க வேண்டும். சௌஷெஸ்கு வெளிநாட்டுக் கடனை அடைக்க உணவை ஏற்றுமதி செய்த காலம், ரொட்டியும் எண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டில், கடைக்கு முன்னால் விடியுமுன்பே வரிசை. கடையில் இல்லாததை வேறு வழியில் கண்டுபிடிக்கத் தெரிந்தவரால்தான் வீட்டில் சமைக்க முடிந்தது. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் PCR என்ற மூன்று எழுத்துச் சுருக்கத்துக்கு மக்கள் வேறு விரிவு சொல்லிக்கொண்டார்கள்: பீலெ, குனொஷ்தீன்த்ஸெ, ரெலாத்ஸி. சிபாரிசு, பழக்கம், தொடர்பு. இவை இருந்தவர் டெஸ்குர்கரேத்ஸ்.

எங்கள் மாடியில் எதிர் வீட்டுப் பாட்டிக்கு எண்பது நெருங்குகிறது. அந்த வருடங்களில் அதிகாலை பால் வரிசையில் காலிப் பாட்டில்களைப் பையில் வைத்து இடம் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடி மகளை எழுப்பிப் பள்ளிக்குத் தயார் செய்துவிட்டுத் திரும்ப வந்து நிற்பாராம், பையை யாரும் தொட மாட்டார்களாம். எப்படிப் பாட்டி அத்தனை வருடம் சமாளித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அடுப்பிலிருந்த காப்பியைக் கவனித்துக்கொண்டே, திரும்பாமல், ‘நெ-அம் டெஸ்குர்காத்’ என்றார். நான் என்று சொல்லவில்லை, நாங்கள் என்றுதான் சொன்னார். உங்களை யாராவது அந்தச் சொல்லால் கூப்பிட்டால் ‘முல்த்ஸுமெஸ்க்’ என்று நன்றி சொல்லுங்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டால் நீங்களும் ‘நெ-அம் டெஸ்குர்காத்’ என்று சொல்லலாம்.